டில்லிபாபுவுக்கு மட்டும் காகிதத்தில்

சில்வியா டீச்சரிடம் ஒரு இங்கிலீஷும் இரண்டு தமிழும் இருந்தன. மூன்றையும் அவர் ஒன்றோடொன்று பேச விட்டதில்லை. வகுப்புக்குள் இங்கிலீஷ் மட்டும். ஸ்டாஃப் ரூமில், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு தமிழ். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ஒன்பதாம் வகுப்பு காலியானதும், கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேசும்போதுதான், அவர் வளர்ந்த ராயபுரம் வெளியே வரும்.

“எல்லாருக்கும் வணக்கம்பா. சில்வியா டீச்சர் பேசறேன். இந்த வாரம் இங்கிலீஷ் கிளாஸ்ல இன்னா நடந்துச்சின்னா…”

அதே ‘இன்னா’வை காலையில் ஒரு பெண் வகுப்பில் சொல்லியிருந்தால், அவள் அந்த ‘இன்னா’வோடு பத்து நிமிடம் நின்றிருப்பாள். இதில் ஏதோ முரண்பாடு இருப்பதாக நான் ஒருநாள் சொன்னேன். நான் அதே பள்ளியில் சரித்திரம் எடுப்பவன். முரண்பாடுகளைக் கண்டுபிடிப்பது எங்களுக்குத் தொழில். “கிளாஸ்ல பேசறது பிள்ளைங்க முன்னேற சார். குரூப்ல பேசறது பெத்தவங்களுக்குப் புரிய. இதுல என்ன முரண்பாடு?” என்றார். பதில் சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பள்ளி வட சென்னையில், காலடிப்பேட்டையில் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி. அதில் ஒரு வால் போல இங்கிலீஷ் மீடியம் பிரிவு. தங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதற்காகத்தான் பெற்றோர் பிள்ளைகளை அந்தப் பிரிவில் சேர்த்தார்கள். சேர்த்த குற்றத்துக்கு அவர்களுக்கு இங்கிலீஷிலேயே சுற்றறிக்கை போனது. இங்கிலீஷ் மீடியம் என்றால் எல்லாமே இங்கிலீஷ்தான் என்பது தலைமையாசிரியரின் கொள்கை. ஒருமுறை, ‘உங்கள் பிள்ளையின் வாசிப்புப் பழக்கம் பற்றிக் கருத்து எழுதுக’ என்று ஒரு தாள் போயிற்று. நாற்பத்திரண்டு தாள்களும் கருத்தே இல்லாமல் கையெழுத்தோடு திரும்பி வந்தன. இரண்டில் கைநாட்டு. ‘நூறு சதவீத ஒத்துழைப்பு’ என்று தலைமையாசிரியர் கோப்பில் எழுதினார்.

சில்வியா டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அவருடைய அம்மா வியாகுலம்மாள் ராயபுரத்தில் கூடையில் மீன் விற்றவர். மகளைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் சேர்த்திருந்தார். ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டில் சிஸ்டர் இங்கிலீஷில் எழுதியிருந்தது: ‘கவனம் போதாது. வகுப்பில் அதிகம் பேசுகிறாள்.’

“சிஸ்டர் இன்னா எழுதிகீறாங்கோ?” என்று அம்மா கேட்டார்.

“நல்ல பொண்ணு, இன்னும் நல்லா வரும்னு எழுதிகீறாங்கோமா” என்று சில்வியா படித்துக் காட்டினார். பன்னிரண்டு வயதில் செய்த முதல் மொழிபெயர்ப்பு.

வியாகுலம்மாள் அந்த ரேங்க் கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடையோடு எடுத்துப் போனார். வாடிக்கையாக மீன் வாங்கும் டாக்டர் வீட்டம்மாளிடம் காட்டினார். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியும். படித்தார், கொஞ்சம் சிரித்தார், “நல்ல பொண்ணாச்சே” என்று சொல்லிவிட்டு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா வீட்டுக்கு வந்து இதை மூன்று தடவை சொன்னார். மகளால் அன்று சோறு சாப்பிட முடியவில்லை.

அந்தக் கதையிலிருந்து சில்வியா டீச்சர் எடுத்துக்கொண்ட பாடம், எந்தப் பெற்றோரும் பிள்ளையின் வாயை நம்பி இருக்கக் கூடாது என்பது. டாக்டர் வீட்டம்மாள் படித்துவிட்டுச் சும்மா போனதிலும் ஒரு பாடம் இருந்தது. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது எனக்கும் அது தோன்றவில்லை.

ஆக, வாரா வாரம் குரல் செய்தி. யார் கட்டுரை எழுதினார்கள், யார் நோட்டை மறந்தார்கள், யார் ‘கேள்வி கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள்’, எல்லாம் பெயரோடு. கொஞ்ச நாளில் அந்த மூன்று நிமிடம் அந்தப் பக்கத்தில் பிரபலமாகிவிட்டது. மீன் மார்க்கெட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். ஹுமாயூன் என்ற டிரெய்லர் டிரைவர், அவர் மகள் மரியமும் இதே வகுப்பு, எண்ணூர் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பழைய செய்திகளைக்கூட மறுபடி கேட்பதாகச் சொன்னார். “டீச்சர் வாய்ஸ் நம்ப ஏரியா வாய்ஸுபா. சீரியல்லாம் தோத்துச்சி.”

நாற்பத்திரண்டு குடும்பத்தில் நாற்பத்தோரு குடும்பம் அந்தக் குரூப்பில் இருந்தது. மிச்சம் ஒருவர் டில்லிபாபு.

ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், யார்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். பையில் இரண்டு பேனா. கன்டெய்னர் யார்டில் டேலி போடுகிற வேலை. உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும் நாலு எழுத்தையும் ஏழு எண்ணையும் பார்த்துத் தாளில் ஏற்ற வேண்டும். வியாசர்பாடியிலிருந்து விம்கோ நகருக்குக் குடிவந்தவர். மகள் பெயர் சங்கமித்ரா. குரூப்பில் சேர்க்க நம்பர் கேட்டபோது அவர் எழுந்து நின்றார்.

“வாய்ஸெல்லாம் படிக்கத் தெரியாதவங்களுக்கு டீச்சர். நம்பளுக்கு பேப்பர்ல குட்த்துருங்கோ. இங்கிலீஷ்லயே குடுங்கோ. யார்டுல நாள் பூரா இங்கிலீஷ்தான பாத்துகினு கீறேன்.”

சில்வியா டீச்சர் முகத்தில் அன்று வந்த வெளிச்சம், மாநில முதல் ரேங்க் வந்திருந்தாலும் வந்திருக்காது. “பாத்துக்குங்கப்பா எல்லாரும். ஒருத்தர் கீறாரு” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். டில்லிபாபு அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் விதை. பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை ஐந்தாவது பீரியடில், டில்லிபாபுவுக்கு மட்டும் ஒரு கடிதம். கோடு போட்ட தாளில், மைப் பேனாவில். முதல் கடிதம் நாலு வரி. ஆகஸ்டில் ஒரு பக்கம் ஆனது. யோசித்துப் பார்த்தால் அது இயற்கைதான். அவர் இருபத்தாறு வருஷம் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர். விடுப்பு விண்ணப்பம், தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்கு, இல்லாத நண்பனுக்குப் போகாத ஊரிலிருந்து. படிக்கிற ஒரு மனிதருக்கு அவர் இங்கிலீஷில் கடிதம் எழுதியதே கிடையாது. இப்போது ஒருவர் கிடைத்துவிட்டார். ஒரு வார்த்தையை அடித்து இன்னொன்று போடுவார். என்னிடம்கூடப் படித்துக் காட்டுவார். ‘சங்கமித்ராவிடம் சிந்தனை ஓடுகிறது, ஆனால் அவள் வாக்கியங்களுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை, ஒரு முற்றுப்புள்ளி அவளுக்கு மூச்சு வாங்கக் கொடுக்கும்.’ நல்ல இங்கிலீஷ். கொஞ்சம் ஈரமான இங்கிலீஷ்.

திங்கட்கிழமை கடிதம் திரும்பி வரும். அடியில் கடலலை மாதிரி நீளமாக ஒரு கையெழுத்து. ஒருமுறை கையெழுத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘குட்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை ஸ்டாஃப் ரூம் முழுக்கக் காட்டினார். “பாத்தீங்களா சார்? ரெஸ்பான்ஸ்!”

அக்டோபரில் ஒரு கட்டுரை கொடுத்தார். தலைப்பு, ‘எங்கள் வீட்டில் வாசிப்பு’. தினத்தாள், பைபிள், ராசிபலன், மருந்துச் சீட்டு என்று எல்லோரும் அரைப் பக்கம் எழுதினார்கள். சங்கமித்ரா இரண்டரைப் பக்கம். வியாழக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சில்வியா டீச்சர் என் மேசைக்கு வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. சிரித்த தண்ணீர். பிள்ளையின் இங்கிலீஷை என் தமிழில் தருகிறேன், முற்றுப்புள்ளிகள் என்னுடையவை.

‘சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் டீச்சரின் கடிதம் வாசிக்கப்படும். அப்பா குளித்துவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்வார். புத்தர் படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்காருவார். அம்மா டிவியை நிறுத்துவார். அப்பா தாளைச் சரியான பக்கமாகத்தான் பிடிப்பார். அவர் ஜாக்கிரதையான மனிதர். பிறகு தமிழில் வாசிப்பார். மரியாதைக்குரிய டில்லிபாபு அவர்களுக்கு, இந்த வாரம் உங்கள் மகள் வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள், எல்லோரும் கை தட்டினார்கள், அவளுக்கு தினம் ஒரு முட்டை கொடுக்கவும், அவள் அம்மா அவளைத் திட்டக் கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்ப்பேன். தாளில் என் முற்றுப்புள்ளி பற்றி இருக்கும். சிரிப்பு வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பாவுக்குப் பெரிய எழுத்துகள் மட்டும் தெரியும், கன்டெய்னரில் இருப்பதால். தாளில் ஒரு பெரிய எழுத்து வந்தால் அங்கே விரலை வைத்துக் கொஞ்சம் நிற்பார். அவ்ளோதானா என்று அம்மா கேட்பார். உடனே அப்பாவுக்கு இன்னும் இரண்டு வரி கிடைக்கும். டீச்சரின் கடிதம் உண்மையானது. அப்பாவின் கடிதம் நன்றாக இருக்கும். போன வாரம் நான் வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். யாரும் கை தட்டவில்லை. பரவாயில்லை.’

நானும் சிரித்தேன். நாலு மாதமாக ஒரு வார்த்தைகூடப் படிக்கப்படாத கடிதங்களை எழுதியவர் கோபப்பட்டிருக்கலாம். அவர் கோபப்படவில்லை. “என் லெட்டர்ல நான் ஒரு தடவகூட முட்டையைப் பத்தி யோசிக்கல சார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்: “இதை குரூப்ல போடட்டுமா? பேர் சொல்லாம? பிள்ளைங்க என்ன எழுதுதுங்கன்னு பெத்தவங்களுக்குத் தெரியணும் இல்ல?”

போடுங்கள் என்றேன். முரண்பாடு கண்டுபிடிக்கும் தொழிலில் அன்று எனக்கு விடுமுறை.

எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. அந்தப் பெண் அதை இங்கிலீஷில் எழுதியதே, வீட்டில் யாருக்கும் தெரியாத பாஷை அது என்பதால்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் இங்கிலீஷ் நோட்டில் எதை எழுதினாலும் அது இரும்புப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. டீச்சரைத் தவிர யாரிடமும் சாவி இல்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. அதுதான் அவர் பேசியதிலேயே நீளமானது, சிறந்ததும்.

“நம்ப கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுதிகீதுபா, பேரு வேணாம். சனிக்கெழம ஆச்சின்னா அவங்கப்பா சேர போட்டுகினு ஒக்காருவாராம். டீச்சர் லெட்டர படிப்பாராம். நான் எழுதறது புள்ளிய பத்தி. அவரு படிக்கறது முட்டைய பத்தி! அவங்கம்மா ‘அவ்ளோதானா’ன்னா, இன்னும் ரெண்டு லைனு எட்த்து விடுவாராம்பா…” பேசிக்கொண்டே அவர் சிரித்தது அதில் பதிவாகியிருக்கிறது. கேலிச் சிரிப்பு அல்ல. ஆனால் சிரிப்பைப் பதிவு செய்தால் அது எந்த வகை என்று போனுக்குத் தெரியாது.

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வகுப்பில் காகிதத்தில் கடிதம் வாங்கும் அப்பா ஒரே ஒருவர். அவரை ஜூன் மாதமே எழுந்து நிற்க வைத்து எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை யார்டு வாசல் டீக்கடையில் ஹுமாயூன் டிரெய்லரை ஓரங்கட்டிவிட்டு வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். பிறகு அவரே என்னிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்களாம். டில்லிபாபு டீ கிளாஸோடு பெஞ்சில். செய்தி பாதி ஓடும்போதே ஒருவர் திரும்பினார்.

“மாமு, இது நீயா?”

டில்லிபாபு சிரித்தார். “இன்னா பேசற? நம்பளுக்கு எதுக்குடா முட்ட?”

“இன்னாமா ரீல் வுட்டுகீற மாமு! எங்கூட்டு கரெண்ட் ஆபீஸ் லெட்டர் கூட நீதான படிச்ச? ‘ஒண்ணும் இல்ல, ஓரமா வை’ன்ன?”

“ஒண்ணும் இல்லதான?” என்றாராம் டில்லிபாபு.

“ஒண்ணும் இல்லதான்” என்று கேட்டவரும் ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டீயை முழுக்கக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். அன்று அவர் தாளில் ஏற்றிய நூற்றுப் பத்துப் பெட்டிகளில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. எப்போதுமே தவறியதில்லை. ஆனாலும் அதன் பிறகு ஒரு வாரம், சலானை நீட்டும் ஒவ்வொரு டிரைவரும், “மாமு, இதுல முட்ட துன்ன சொல்லிகீதா பாரு” என்று சொல்லாமல் நீட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை வரலட்சுமி, சங்கமித்ராவின் அம்மா, பள்ளிக்கு வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. போனை வாசலில் வாங்கி வைத்துவிடும் கம்பெனி. அரை நாள் லீவு போட்டிருந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் எழுந்து போகப் பார்த்தேன். சண்டை வரவில்லை.

“உக்காருமா” என்றார் சில்வியா டீச்சர்.

“இல்ல டீச்சர், நிக்கறேன். குரூப்ல அவரு நம்பர சேத்துக்க சொன்னாரு. இனிமே பேப்பர் வேணாமாம்.”

“வரலட்சுமி, நான் பேர் சொல்லலமா…”

“நீங்க சொல்லல டீச்சர். நீங்க ஒண்ணும் தப்பா சொல்லல. எனக்கு இந்த வெசயமே தெரியாது. மூணாங்கிளாஸ்ஸு நானு. அவரு படிச்சா அதான்னு நெனச்சிகினு இருந்தேன். தெரிஞ்சிருந்தா கூட கேட்டுகினுதான் இருந்திருப்பேன். நல்லா படிப்பாரு டீச்சர்.”

“பொண்ணை எதுனா திட்டினாரா?”

“திட்னாதான் தேவலாமே. ஒரு வார்த்த இல்ல. ‘நல்லா எழுதிகீறியாமே’ன்னாரு. அத்தோட வுட்டாரு. இது அழுதுகினே கீது. ‘டீச்சருக்குதான எழுதுனேன்’னு சொல்லிகினு கீது.”

போகும்போது வாசலில் திரும்பினார். “முட்ட இன்னும் குட்த்துகினுதான் கீறேன் டீச்சர். இந்த சனிக்கெழம டிவி மட்டும் நிறுத்தல.”

சில்வியா டீச்சர் அன்று ஐந்தாவது பீரியடை என்னை எடுக்கச் சொன்னார். நான் எட்டயபுரத்தையோ எங்கேயோ நடத்திக்கொண்டிருந்தபோது, அவர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். கடைசி முறையாக, டில்லிபாபுவுக்கு. இங்கிலீஷில்தான், ஆனால் முழுக்கவும் பெரிய எழுத்துகளில், கன்டெய்னர் மேல் எழுதுகிற மாதிரி, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு. நாலே வரி. மன்னிக்க வேண்டும் என்பது முதல் வரி. சங்கமித்ரா வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்டாள் என்பது இரண்டாவது. கை தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை, அது என் தவறு என்பது மூன்றாவது. தினம் ஒரு முட்டை கொடுக்கவும் என்பது நாலாவது.

அந்த எழுத்துகள் டில்லிபாபுவுக்குத் தெரியும் என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தார். எழுத்து தெரிவதும் வார்த்தை தெரிவதும் வேறு என்று ஒரு இங்கிலீஷ் டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு அது தெரியாமலில்லை. வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலை சங்கமித்ரா அந்த உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

“அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாரு டீச்சர்.” பள்ளிச் சீருடைத் துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “அவருக்கு இங்கிலீஷ் தெரியாதாம். வாய்ஸ்ல போடச் சொன்னாரு.”

சில்வியா டீச்சர் அந்த உறையை மேசை இழுப்பறையில் வைத்தார். வாய்ஸில் போடவில்லை. எப்படிப் போடுவது? மன்னிப்பு கேட்டால், எதற்காக என்று மறுபடி நாற்பத்தோரு வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு மட்டும் தனியாகப் பேசி அனுப்பலாம் என்றேன். இரண்டு முறை பதிவு செய்து பார்த்ததாகச் சொன்னார். எந்தத் தமிழில் பேசுவது என்று தெரியவில்லையாம்.

குரூப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமைச் செய்தி நாற்பது நொடியாகச் சுருங்கியது. எந்தப் பாடம் முடிந்தது, எப்போது தேர்வு. அதுவும் ஸ்டாஃப் ரூம் தமிழில். “டீச்சர், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று ஹுமாயூன் குரூப்பில் கேட்டார். பதில் போகவில்லை. செய்தியைக் கேட்டவர்களின் பட்டியலில் ஒவ்வொரு வாரமும் முதல் பெயர் டில்லிபாபு. போட்ட ஒரு நிமிடத்துக்குள் கேட்டுவிடுவார். சில்வியா டீச்சர் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பார்.

நவம்பரில் இன்னொரு கட்டுரை, ‘என் குடும்பம்’. சங்கமித்ரா எழுதியது ஏழு வரி. எங்கள் குடும்பம் சிறிய குடும்பம். என் தந்தை கடின உழைப்பாளி. என் தாய் அன்பானவர். நாங்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறோம். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் முற்றுப்புள்ளி, ஆணி அடித்த மாதிரி. நாலு மாதம் கடிதம் எழுதியும் வராத முற்றுப்புள்ளி இப்போது வந்துவிட்டது. வெட்டுவதற்கு ஒரு பிழை இல்லை. பத்துக்கு ஒன்பது போட்டார். அந்த ஒரு மதிப்பெண்ணை எதற்காகக் குறைத்தார் என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. அவள் இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை.

அரையாண்டு முடிந்து ஜனவரியில் பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியர்கள் ஹாலில் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். என்னுடைய மேசை சில்வியா டீச்சருடைய மேசையை ஒட்டி. டில்லிபாபு வந்தார். அதே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அடையாள அட்டை இல்லை. பையில் பேனாவும் இல்லை. பக்கத்தில் சங்கமித்ரா.

“வணக்கம் டீச்சர்” என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சில்வியா டீச்சர் ரேங்க் கார்டை அவர் முன்னால் திருப்பி வைத்தார். போன முறை, ஆகஸ்டில், அதை இரண்டு கையாலும் எடுத்து, மேலிருந்து கீழாக நிதானமாகக் கண்ணை ஓட்டி, ஒரு இடத்தில் விரல் வைத்து, “ம்ம்” என்று தலையாட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இன்று தொடவில்லை.

“இன்னா எழுதிகீது டீச்சர்?”

அந்தக் கட்டத்தில் சில்வியா டீச்சரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. பக்கத்து மேசையிலிருந்து எனக்கும் தெரிந்தது. ‘வேலையில் பிழையில்லை. வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.’

அவர் அதைப் பார்த்தார். பிறகு சங்கமித்ராவைப் பார்த்தார். பிறகு, என் காதாலேயே கேட்டேன், ராயபுரம் வந்தது.

“நல்ல பொண்ணுன்னு எழுதிகீதுபா. இன்னும் நல்லா வரும்னு எழுதிகீது. கிளாஸ்ல எந்திரிச்சி கேள்வி கேக்குதாம். எல்லாரும் கை தட்டறாங்களாம்…”

சங்கமித்ரா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கார்டில் எழுதியிருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டில்லிபாபு மகளைப் பார்த்தார். பிறகு கார்டில், அந்த வரியின் முதல் எழுத்தின் மேல், ஒரு விரலை வைத்தார். அது பெரிய எழுத்து. கொஞ்ச நேரம் விரல் அங்கேயே இருந்தது.

“டீச்சர்” என்றார், ரொம்ப மரியாதையாக. “எழுதிகீறத படிங்கோ.”

பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஹுமாயூன்கூட இருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில்வியா டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஸ்டாஃப் ரூம் தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக, எழுதியிருந்ததைப் படித்தார்.

“வேலையில் பிழை இல்லை. வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.”

“அவ்ளோதானா?” என்று கேட்டார் டில்லிபாபு.

“அவ்வளவுதான்.”

அவர் தலையாட்டினார். மேசைமேல் இருந்த சில்வியா டீச்சரின் பேனாவை, “எட்த்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுத்து, குனிந்து கையெழுத்துப் போட்டார். அந்தக் கடலலை இல்லை. டில்லிபாபு என்று தமிழில், தனித்தனியாக, யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி. பேனாவை மூடி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, மகளின் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்து நின்றவர் ஹுமாயூன். சில்வியா டீச்சர் மரியத்தின் கார்டைத் தேடி எடுக்க நெடுநேரம் ஆயிற்று. அது மேலேயேதான் இருந்தது.